பாவு முடியும் வரை

எங்கள் வீட்டுப் பின்கட்டில் தறிக்குழி தோண்டிய காலைப்பொழுது எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வீடு கட்டி நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. அப்பா அரிசி மில்லில் நெல் அவிக்கும் இடத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போட்ட சிமெண்டுத் தரை அது. அதைக் கடப்பாரையால் இடிப்பதற்கு அவரே சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுக் கொடுத்தார். அம்மா பார்க்கச் சகிக்காமல் சமையலறைக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். பின்கட்டுக்குப் புதிதாக வாடகைக்கு வந்திருந்த அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. நிலைப்படியில் நின்றுகொண்டு, “இன்னும் கொஞ்சம் இந்தாண்ட தள்ளுங்க, சன்னல் வெளிச்சம் இடது கைப்பக்கம் வுழணும்” என்றார். அப்பா முணுமுணுக்காமல் போட்ட கோட்டைக் காலால் தேய்த்துவிட்டு வேறு கோடு போட்டார்.

ஆரணியில் வாடகைக்கு வீடு தேடி வரும் நெசவாளர், வாடகை எவ்வளவு என்று முதலில் கேட்க மாட்டார். குழி தோண்ட விடுவீர்களா என்றுதான் கேட்பார். தறியில் உட்காருகிறவர் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பதற்குத் தரையில் பள்ளம் வேண்டும். பள்ளம் இல்லாத வீடு எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும் அவருக்கு உதவாது. வீட்டுக்காரர்களுக்கோ தங்கள் தரையை இன்னொருவர் வெட்டுவதற்கு மனம் ஒப்பாது. ‘வீடு குடுக்கறேன், குழி குடுக்க மாட்டேன்’ என்று கறாராகச் சொல்லிவிடுகிறவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அக்காவும் அவருடைய கணவரும் அப்படி ஏழெட்டு வீடுகளில் முடியாது என்ற பதிலைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் வாசலுக்கு வந்திருந்தார்கள். அவரை அக்கா என்று கூப்பிட்டதால் அவர் கணவர் எனக்கு மாமா ஆனார்.

தறியை இறக்கி, மாமா முதல் பாவைப் போட்ட அன்று அப்பா பின்கட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். “வாடகைய மாசம் பொறந்தா குடுங்க. எனக்கு எப்பனா வீடு தேவைப்பட்டாலும் சரி, தறியில பாவு இருக்கிற வரைக்கும் கெளம்புன்னு சொல்ல மாட்டேன். பாவு முடிஞ்சதும் போனாப் போதும். போறப்ப குழிய மூடிட்டுப் போயிடுங்க, அவ்ளோதான்.” பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள். மூன்று நான்கு புடவைக்கு ஆகும் நீளத்துக்கு ஒரு பாவு இருக்கும். அது பாதியில் இருக்கும்போது தறியைக் கழற்றச் சொன்னால் பட்டும் வீண், பாடுபட்டதும் வீண். இதைத் தெரிந்துகொள்ள நெசவாளியாகப் பிறக்க வேண்டியதில்லை, ஆரணியில் குடியிருந்தாலே போதும். அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவே இருந்த ஒப்பந்தம் இந்த நாலு வாக்கியம்தான். காகிதம் இல்லை, சாட்சி இல்லை. சாட்சி என்று சொல்ல வேண்டுமானால் நான் ஒருவன் இருந்தேன்.

அந்த நாலு வாக்கியத்தில் அவர்கள் முப்பத்தெட்டு வருடம் குடியிருந்தார்கள். இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்து ஒருத்தியை வந்தவாசிக்கும் இன்னொருத்தியைச் செய்யாறு பக்கமும் கட்டிக் கொடுத்தார்கள். அக்காவும் தறியில் உட்காருவார். மாமா குறுக்கே ஓட்டும் ஊடை இழையை எடுத்துக் கொடுத்தால் அக்கா நெய்வார், அக்கா சமைக்கப் போனால் மாமா நெய்வார். தலை நிமிராமலே நடை சத்தத்தை வைத்து யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார் அக்கா. “இன்னா தம்பி, பரீட்சைல கோட்டை வுட்டுட்டியா, செருப்பு இப்படி இழுக்குது?” என்பார். அன்றைக்கு நிஜமாகவே கோட்டை விட்டிருப்பேன். எனக்குக் கல்யாணமாகி என் மனைவி இந்த வீட்டுக்கு வந்தபோது, மாமியாரிடம் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் பின்கட்டில் போய்த்தான் கேட்டாள். ஒரு சண்டை கிடையாது என்று சொன்னால் பொய். தண்ணீர்க் குழாய்க்கும் துணி காயப்போடும் கொடிக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் மாதம் ஒரு தரம் வாய் வளரும். மறுநாள் குழம்புக் கிண்ணம் இந்தப் பக்கத்திலிருந்தோ அந்தப் பக்கத்திலிருந்தோ போகும்.

அம்மா போன பிறகு, அப்பா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். நானும் மனைவியும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவோம். பகல் முழுவதும் அப்பாவைப் பார்த்துக்கொண்டவர் அக்காதான். கூலி பேசி அமர்த்தவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. குழியிலிருந்து எழுந்து வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அப்பாவைப் புரட்டிப் போட்டு, கஞ்சி கொடுத்துவிட்டு மறுபடியும் போய்த் தறியில் உட்காருவார். ஒரு நாளைக்கு நாலு தரம். அந்த எட்டு மாதமும் அவர்கள் நெய்த புடவைகள் வழக்கத்தைவிடக் குறைவு. மாமா ஒரு நாள்கூட அதைப் பேச்சுவாக்கில்கூடச் சொன்னதில்லை. இதையெல்லாம் எழுதுவது அக்காவைப் புகழ்வதற்காக அல்ல. நான் என்ன செய்தேன் என்று சொல்வதற்கு முன்னால், யாருக்குச் செய்தேன் என்று தெரிய வேண்டும்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். நான் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் எனக்கு ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. கிரயம், குத்தகை, போக்கியம், வாடகை ஒப்பந்தம் என்று ஊராரின் நிலத்தையும் வீட்டையும் வார்த்தைகளால் கட்டிப் போடுவதுதான் பிழைப்பு. ‘வாய்ப்பேச்சை நம்பி வீட்டைக் குடுக்காதீங்க, பதினோரு மாசத்துக்கு அக்ரிமெண்ட் போட்டுக்குங்க’ என்று வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்வேன். என் வீட்டுப் பின்கட்டில் மட்டும் ஒரு காகிதமும் இல்லாமல் ஒரு குடும்பம் இருந்தது. கொட்டகையில் கூட இருந்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. பின்கட்டை இடித்துவிட்டுக் கீழும் மேலுமாக வீடு கட்டுவது என்று முடிவு செய்தோம். மேஸ்திரி ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூஜை போடலாம் என்று நாள் சொன்னார். வைகாசி பிறந்ததும் நான் பின்கட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அக்கா மிதியிலிருந்து காலை எடுக்காமலே, “கட்டு தம்பி, புள்ளைக்கு எடம் வேணும் இல்ல? இன்னும் ரெண்டு பொடவ இருக்குது தறியில. மாமாவுக்கு முட்டி வலி, அவரால குழியில எறங்க முடியல. நான் ஒருத்திதான் நெய்யணும். ஆனிக்குள்ள முடிச்சிடறேன். ஆடி பொறக்கறதுக்குள்ள போயிட்டா எல்லாருக்கும் நல்லது” என்றார். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆனி கடைசியைத் தாண்டிவிட்டால் ஆவணிதான். அவர் சொன்ன கணக்கு எனக்குச் சரியாகவே பட்டது. சந்தோஷமாகத்தான் திரும்பி வந்தேன்.

கொட்டகையில் இதைச் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். முப்பத்தெட்டு வருஷமா, கையில ஒரு சீட்டு இல்லையா, நாளைக்கு கோர்ட்டுக்குப் போனா உன் ஆயுசு முடிஞ்சிடும், பாவு முடியல பாவு முடியலன்னே ஒக்காந்துகினு இருப்பாங்க பாரு. அவர்கள் சொல்லித்தான் எனக்கு அந்தப் பயம் வந்தது என்று சொன்னால் அது என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சு. அந்தப் பயம் எனக்குள் முன்பே இருந்தது. இருபத்தைந்து வருடமாக அடுத்தவர்களுக்கு நான் விற்றுக்கொண்டிருந்த பயம்தான் அது.

வைகாசி கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் ஒரு காகிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் அடித்தால் அக்கா மிரண்டுவிடுவாரோ என்று கையால் எழுதினேன். பழைய பாணியில் தமிழ் மாதம் போட்டு எழுதினேன். ‘சென்ற ஆடி மாதம் முதல் தேதி தொடங்கி இதுவரை பதினோரு மாத காலமாக மட்டும் மேற்படி வீட்டின் பின்கட்டில் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன் என்றும், அதற்கு முன் எக்காலத்திலும் மேற்படி வீட்டில் குடியிருந்ததில்லை என்றும், கேட்டவுடன் யாதொரு ஆட்சேபணையும் இன்றிக் காலி செய்து கொடுப்பேன் என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.’ அக்கா எட்டாவது வரை படித்தவர். ஆனாலும் தம்பி கொண்டு வந்த காகிதம் என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதை நம்பித்தான் போனேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கட்டிலில் படுத்திருந்த மாமாவுக்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்தார். ஆடி மாதம் முதல் தேதி என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டார். “இன்னா தம்பி, பொய்யி எழுதறதுதான் எழுதற, மாசம் பாத்து எழுதக் கூடாதா? ஆடியில எவனாவது குடி வருவானா?” மாமாவும் சிரித்தார். வைகாசியிலிருந்து பின்னால் பதினோரு மாதம் எண்ணியதில், எந்த மாதத்தில் போய் நிற்கிறோம் என்று நான் யோசிக்கவே இல்லை. நானும் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தேன். அக்கா மிச்சத்தையும் வாசித்தார். எக்காலத்திலும் குடியிருந்ததில்லை என்ற வரியை வாசித்துவிட்டு அதன் மேல் விரலை வைத்தார். “அப்போ முப்பத்தெட்டு வருசம் நான் எங்க இருந்தேன் தம்பி?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்பது மாதிரிதான் கேட்டார். “சும்மா ஃபார்மாலிட்டிக்காகத்தான் அக்கா, பேங்குல கேக்கறாங்க” என்று இன்னொரு பொய்யைச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

காகிதம் கைக்கு வந்த பிறகாவது நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பொய்யாக ஒன்றை எழுதி வாங்கியவனுக்கு, எதிராளியும் ஏதோ பொய் வைத்திருப்பார் என்றுதான் தோன்றும். ஆனி முழுவதும் காது பின்கட்டிலேயே இருந்தது. தறி சத்தம் கேட்டால், இன்னும் முடியவில்லையே என்று எரிச்சல். கேட்காவிட்டால், வேண்டுமென்றே மெதுவாக நெய்கிறார்களோ என்று சந்தேகம். எப்போது முடியும் என்று வாரத்துக்கு இரண்டு தரம் போய்க் கேட்டேன். அக்கா, “முடிஞ்சிடும் தம்பி” என்பார். வேறு வீடு பார்த்தாயிற்றா என்று மட்டும் நான் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை. ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. கொட்டகையில் வேலை குறைவாக இருந்ததால் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாளாகத் தறி சத்தம் இல்லை என்பது நினைவுக்கு வர, நேராகப் பின்கட்டுக்குப் போனேன். அக்கா தறிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சாம்பல். விரலால் சாம்பலைத் தொட்டு, பழைய பாவின் அரக்குச் சிவப்பு நுனிகளோடு கத்திரிப்பூ நிற இழைகளை ஒன்று ஒன்றாக முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் பிணைத்து முடித்திருந்தார். பழைய பாவு தீர்ந்ததும் அதன் வாலோடு புதுப் பாவைப் பிணைத்து நெசவைத் தொடர்வது வழக்கம். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன்.

என்ன கத்தினேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். இதைக் குறைத்து எழுத எனக்கு உரிமை இல்லை. “ஏமாத்தறதுக்கும் ஒரு அளவு வேணும். இப்படி ஒன்னோட ஒன்னு பிணைச்சிகினே போனா இந்தப் பாவு எந்தக் காலத்துல முடியும்? எங்கப்பா குடுத்த வார்த்தைய வெச்சிகினு எங்க வீட்டையே எழுதி வாங்கிடலாம்னு பாக்கறீங்களா? கையெழுத்து போட்டது ஞாபகத்துல இருக்கட்டும்.” பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “தம்பி, அது இன்னான்னா...” என்று ஆரம்பித்தார். அக்கா அவரைப் பார்த்து, “வேணாம், வுடுங்க” என்றார்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்தார். பிணைத்த முடிச்சுகளை ஒட்டி, கத்திரிப்பூ நிறத்தையும் சிவப்பையும் சேர்த்து, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை வெட்டினார். அதோடு நிற்கவில்லை. முன்பக்கம் வந்து, இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும் சீப்பு மாதிரியான அச்சிலும் ஒவ்வொன்றாகக் கோத்திருந்த மிச்ச இழைகளைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து உருவினார். ஆயிரக்கணக்கான இழைகள். கையில் சேர்ந்ததைச் சுருட்டி மாமாவின் கட்டிலில் வைத்தார். தறி வெறுமையாக நின்றது. முப்பத்தெட்டு வருடத்தில் அந்தத் தறியை இழையில்லாமல் நான் பார்த்ததே இல்லை. “பாவு முடிஞ்சிடுச்சிங்க, நாளைக்குக் கெளம்பிடறோம்” என்றார் அக்கா. அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வந்தது என்று எழுதத்தான் ஆசை. வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் இருந்தது. வீட்டுக்குள் வந்து மனைவியிடம் காப்பி கேட்டேன். அவள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமையில் வீடு மாறுகிறவர்களை நான் பார்த்ததில்லை. அவர்கள் மாறினார்கள். பெரிய மாப்பிள்ளை வந்தவாசியிலிருந்து ஒரு குட்டி யானை வண்டியோடு காலையிலேயே வந்துவிட்டார். தறியைக் கழற்றி ஏற்றினார்கள். பாத்திரம், கட்டில், அலமாரி எல்லாம் ஏறின. பிறகும் வண்டி கிளம்பவில்லை. ஏன் என்று சன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா வெளியிலிருந்து மண்ணைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து குழியில் கொட்டிக்கொண்டிருந்தார். போகும்போது குழியை மூடிவிட்டுப் போக வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார் அல்லவா?

இன்னும் ஒரு மாதத்தில் இடித்துத் தரைமட்டமாக்கப் போகிற கட்டடம் அது. அந்தக் குழியை மூடுவதில் யாருக்கும் ஒரு காசு பிரயோஜனம் இல்லை. இது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். ‘வேணாம் அக்கா, வுடுங்க’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பத்து அடி தூரம் நடந்திருந்தால் போதும். நான் சன்னலை விட்டு நகரவில்லை. அறுபதைத் தொடப் போகிற ஒரு பெண்மணி கூடை கூடையாக மண் சுமந்து, கொட்டி, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து மிதித்து அந்தப் பள்ளத்தைத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்ததை முழுவதும் பார்த்தேன். மருமகன் கூடையை வாங்க வந்தபோது அவர் கொடுக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று என்னையே கேட்டுக்கொள்ளும்போதெல்லாம், கத்தியதையோ காகிதத்தையோ நான் சொல்வதில்லை. அந்தச் சன்னலைத்தான் சொல்வேன்.

ஆடி பிறந்து நாலைந்து நாள் கழித்து ஒருவர் கொட்டகைக்கு வந்தார். ஆற்றுப் பக்கத்துத் தெருவில் வீடு வைத்திருப்பவர். அவரை எனக்கு முன்பின் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒப்பந்தம் எழுத வேண்டும் என்றார். பெயரைச் சொன்னதும் என் விரல் கீபோர்டில் நின்றுவிட்டது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். “தங்கமான மனுசங்க சார். வைகாசியிலயே வந்து அட்வான்ஸ் குடுத்து, குழியும் தோண்டிட்டுப் போயிட்டாங்க. புதன்கிழமை நல்ல நாளு, தறிய கொண்டாந்துடறோம்னு சொன்னாங்க. இன்னா ஆச்சோ தெரியல, சனிக்கிழமையே வந்து எறங்கிட்டாங்க. இப்ப அந்தம்மா படற பாடு இருக்குதே, கண்ணால பாக்க முடியல. காலையில ஒக்காந்தா பொழுது சாயற வரைக்கும் இழை கோத்துகினே இருக்குது. கண்ணு வேற சரியா தெரியல.”

எதற்காகக் கோக்க வேண்டும் என்று கேட்டேன். பதில் தெரிந்துகொண்டே கேட்டேனோ என்னவோ, குரல் எனக்கே பிடிபடவில்லை. அவர் விளக்கினார். வெறும் நுனியோடு தறியைக் கழற்றினால் வண்டி குலுங்கும்போது விழுதிலிருந்து இழைகள் நழுவிவிடுமாம். அதனால் வீடு மாறுகிறவர்கள் கையில் இருக்கிற மிச்சப் பட்டை ஒரு முழ நீளத்துக்குப் பிணைத்து, குச்சியில் சுற்றி, துணியில் பொதிந்து எடுத்துப் போவார்களாம். புது வீட்டில் அந்த முழத்தோடு அடுத்த பாவைப் பிணைத்துக்கொண்டால் ஒரே நாளில் தறி ஓட ஆரம்பித்துவிடும். அது இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான இழைகளையும் விழுதிலும் அச்சிலும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டுமாம். “அப்படித்தான் பிணைச்சி வெச்சிருந்துச்சாம். கெளம்பற நேரத்துல எல்லாம் அறுந்துபோச்சாம்.” எப்படி அறுந்தது என்று கேட்டேன். “எலி கடிச்சிடுச்சின்னு சொல்லிச்சி” என்றார் அவர்.

ஒரு முழம். அன்றைக்கு நான் தறியைச் சுற்றி இரண்டு அடி நடந்து மறுபக்கத்தைப் பார்த்திருந்தால், அங்கே சுருட்டிக் கட்டிய பாவு எதுவும் இல்லை, ஒரு முழ இழைதான் இருக்கிறது என்று தெரிந்திருக்கும். தறி பக்கத்திலேயே வளர்ந்தவன் நான். பாவே இல்லாத தறியைப் பார்த்துப் பாவு போடுகிறீர்கள் என்று கத்தியிருக்கிறேன். என்னிடமிருந்து கிளம்புவதற்காக அவர் செய்துகொண்டிருந்த ஏற்பாட்டைத்தான் கிளம்பாமலிருக்கச் செய்கிற சூழ்ச்சி என்று சொல்லியிருக்கிறேன். மாமா சொல்ல வந்ததும் இதைத்தான். அக்கா ஏன் அவரைத் தடுத்தார் என்று அப்போதுதான் புரிந்தது. முப்பத்தெட்டு வருடம் பக்கத்தில் இருந்தவனிடம் நான் திருடி இல்லை என்று எடுத்துச் சொல்லி நிரூபிக்க அவருக்கு மனம் இல்லை. ஊருக்கோ, எலி என்று சொல்லி என்னைக் காப்பாற்றிவிட்டார்.

மறுநாள் அந்த வீட்டுக்காரர் அக்காவை அழைத்துக்கொண்டு கையெழுத்துக்கு வந்தார். அக்கா கொட்டகைக்குள் நுழைந்து என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒப்பந்தத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்து வாசித்தார். இந்தத் தடவை சத்தமாக வாசிக்கவில்லை. வரிசையில் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. வாசித்து முடித்துவிட்டு, “சார், ஒரு வரி சேக்கணும்” என்றார்.

சார். சொல்லுங்கள் என்று தலையை மட்டும் ஆட்டினேன். “தறியில பாவு இருக்கிற வரைக்கும் காலி பண்ணச் சொல்லக் கூடாதுன்னு ஒரு வரி.” வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வருத்தமாகிவிட்டது. “இன்னாம்மா இது, அதத்தான் நான் அன்னிக்கே வாயால சொல்லிட்டேனே? என் வார்த்தை மேல நம்பிக்கை இல்லையா?” என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, அவரைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: “ஒங்க வார்த்தைய நம்பறேங்க. ஒங்களுக்கு அப்புறம் ஒங்க புள்ளைங்க இருக்கறாங்க இல்ல?”

நான் அந்த வரியை அடித்துச் சேர்த்தேன். அச்செடுத்துக் கொடுத்தேன். அக்கா மறுபடியும் முழுவதும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கூலி வேண்டாம் என்றேன். வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டார். அக்கா மட்டும் மடித்து வைத்திருந்த நோட்டை மேஜையில் வைத்து, காற்றில் பறக்காமல் ஸ்டேப்ளரை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு எழுந்துகொண்டார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல அதற்கு மேல் ஒரு நல்ல நேரம் கிடைத்திருக்காது. பெஞ்சிலிருந்து கொட்டகை வாசல் வரை எட்டு அடி அவர் நடக்க வேண்டியிருந்தது. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இரண்டு வருடமாகிறது. மகன் கல்யாணம் முடிந்து பின்கட்டு இருந்த இடத்தில் கட்டிய வீட்டில்தான் இருக்கிறான். பத்திரிகை வைக்க என் மனைவி மட்டும் ஆற்றுப் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டு வந்தாள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, ஓடுது என்று அக்கா சொன்னாராம். கல்யாணத்துக்கு மாமா மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் போனார்.

இப்போதெல்லாம் நெசவாளர் யாராவது வீட்டுக்காரரோடு ஒப்பந்தம் எழுத வந்தால், அவர் கேட்காமலேயே நான் அந்த வரியைச் சேர்த்துவிடுகிறேன். தறியில் பாவு இருக்கும் வரை காலி செய்யச் சொல்லக் கூடாது என்று தெளிவாகவே எழுதுகிறேன். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் அந்த இடம் வந்ததும் நிறுத்தி, “இது எதுக்கு சார்? இத எடுத்துடுங்க” என்கிறார்கள். குடிவரப் போகிறவர் என் முகத்தைப் பார்க்கிறார். நான் அந்த வரியை அழித்துவிட்டு, புதுத் தாளில் அச்செடுத்துக் கொடுக்கிறேன்.